வலப்பக்கம் திரும்பாத குதிரை

நான்கு வீட்டுக்காரர்களும் தேநீர் குடித்து முடித்து, உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி "ஓமின்" சொல்லிவிட்டார்கள். அதோடு ஜேரெனின் கதை முடிந்தது என்று அர்த்தம். அக்-ஜார் ஊரில் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக்கூடக் கிழித்துப் போடலாம், ஓமின் சொன்ன பேச்சை அவ்வளவு சுலபத்தில் மாற்ற முடியாது. தரை உறைந்த பிறகு வரும் முதல் சனிக்கிழமை ஜேரெனை வெட்டி, குளிர்கால இறைச்சிக்கு நான்கு பங்காகப் பிரிப்பது என்று முடிவாயிற்று. விலாக் கொழுப்பு யாருக்கு, தொடை யாருக்கு என்பதுகூடப் பேசியாகிவிட்டது. ஜேரென் அப்போது ஜன்னலுக்கு வெளியே நின்று காய்ந்த புல்லை மென்றுகொண்டிருந்தது.

ஜிபார் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கைதான் கழுவியது, மனசு அங்கே இல்லை. இந்தக் குதிரைமேல் ஒரு குற்றமும் கிடையாது என்பது ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

குற்றம் என்று ஊர் சொன்னது இதைத்தான். குதிரை நடக்கும்போது நாலு தட்டு கேட்கும். குலுக்கோட்டத்தில் இரண்டு தட்டு. அதற்கும் மேலே, பாய்ச்சலுக்குக் கீழே, தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி ஒரு ஓட்டம் இருக்கிறதே, அதில் மூன்று தட்டு. தட், தட், தட், அப்புறம் நாலு காலும் மண்ணை விட்டு எழும்புகிற ஒரு சின்ன மௌனம். அந்த ஓட்டத்தில் குதிரை எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கத்துக் கால்கள் முந்திப் போகவேண்டும். ஜேரென் இடப்பக்கம் வளைந்தால் ஒரு குறையும் இல்லை. வலப்பக்கம் திருப்பினால் முன்பாதி வலம் போகும், பின்பாதி மட்டும் இடப்பக்கத்துக்கு உரிய அடியையே போட்டுக்கொண்டிருக்கும். ஒரு சக்கரம் கழன்ற வண்டியில் உட்கார்ந்த மாதிரி மேலே இருப்பவனைத் தூக்கித் தூக்கிப் போடும்.

மேலே இருந்தவன் பெய்ஷென், ஜிபாரின் கணவன். ஆட்டு உடலைக் குதிரைமேல் இருந்தபடியே பறித்துக்கொண்டு ஓடும் பந்தயத்தில் பன்னிரண்டு வருஷம் மாவட்டத்துக்கு ஆடியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பந்தயத்தில் ஏழெட்டுக் குதிரைகள் ஒன்றாக மோதியதில் ஜேரென் சாய்ந்தது, பெய்ஷெனின் இடது இடுப்பு அதன் அடியில் சிக்கியது. நாலு மாசம் படுக்கை. எழுந்தபோது இடது கால் கட்டைவிரல் அளவு குட்டையாகியிருந்தது. அவன் திரும்பக் குதிரை ஏறிய நாளிலிருந்துதான் ஜேரெனின் ஓட்டம் வலப்பக்கம் உடைய ஆரம்பித்தது. மனுஷனுக்கு இடுப்பு போன அன்றைக்கே குதிரைக்கும் இடுப்பு போய்விட்டது என்று ஊர் சொன்னது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

பெய்ஷென் சும்மா இருக்கவில்லை. லாடம் மாற்றிப் பார்த்தான். பல்லைத் திறந்து பார்த்தான். நரின் நகரத்திலிருந்து கால்நடை டாக்டரை வரவழைத்து முதுகெலும்பு ஒவ்வொன்றையும் அழுத்திக் காட்டினான். டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லையென்றால் ஏன் இப்படி உடைகிறது என்று கேட்டதற்கு, வயசாகுது என்றார். பதினோரு வயசெல்லாம் ஒரு வயசா. உப்பை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தான். கடைசியில் சாட்டைதான் மிச்சம். வலது புட்டத்தில் முடி உதிர்ந்து ஒரு தழும்பே விழுந்துவிட்டது.

இவ்வளவும் செய்தவன் ஒரே ஒரு காரியம் செய்யவில்லை: வேறு யாரையும் ஜேரென்மேல் ஏற்றிப் பார்க்கவில்லை. அதைச் செய்யவும் மாட்டான். பந்தயக்காரனின் குதிரைமேல் இன்னொருத்தன் உட்காருவது அந்தப் பக்கத்தில் வழக்கமே இல்லை. கூடப் பிறந்தவன் கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். அதனால் இரண்டு வருஷமும் ஒரே ஆள், ஒரே குதிரை. தப்பு இரண்டில் எதனுடையது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லாமல் போயிற்று.

அந்த வழக்கத்தை ஜிபார்தான் மீறினாள், அதுவும் வேறு வழியில்லாமல். இரண்டு வாரத்துக்கு முன்னால் பெய்ஷென் இடுப்புக்குப் படம் எடுக்க நரின் போயிருந்தான். அன்றைக்குப் பார்த்து ஆடுகள் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டன. அவளுடைய பெட்டைக் குதிரைக்குக் குளம்பில் கல் குத்தியிருந்தது. யோசித்துக்கொண்டு நின்றால் ஓநாய்க்கு விருந்து வைத்த மாதிரி ஆகும். ஜேரென்மேல் பெய்ஷெனின் சேணத்தையே போட்டு, அங்கவடிக்குக் கால் எட்டாமலே ஏறிப் போனாள்.

மந்தையை மடக்க வலப்பக்கம்தான் வளைய வேண்டியிருந்தது. தூக்கிப் போடப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடரியைப் பிடித்தாள். ஜேரென் தூக்கிப் போடவில்லை. எண்ணெய் போட்ட கதவு திறப்பதுபோல வளைந்து போயிற்று. தட், தட், தட், ஒரு மௌனம். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆடுகளை மறந்துவிட்டு இன்னொரு சுற்று போனாள், இன்னும் ஒன்று. மூன்றாவது சுற்றில் அவளுக்குக் காரணம் புரிந்தது.

பெய்ஷென் கோணலாக உட்காருகிறான். குட்டையாகிப்போன இடது கால் அங்கவடியைத் தேடிக் கீழே இறங்குகிறது, அதோடு உடம்பும் இடப்பக்கம் இறங்குகிறது. வலப்பக்கம் வளைய இடது பின்னங்கால்தான் முதலில் உந்தித் தள்ளவேண்டும். அந்தக் கால்மேல் எண்பத்தைந்து கிலோ மனுஷன் சரிந்து உட்கார்ந்திருந்தால் அது எப்படித் தள்ளும்? ஜேரென் முடிந்தவரை முயற்சி செய்துவிட்டு, முடியாதபோது அடியை மாற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குத்தான் இரண்டு வருஷமாகச் சாட்டையடி வாங்கியிருக்கிறது, பாவம்.

வீட்டுக்கு வந்து குதிரையின் வியர்வையைத் துடைத்துக் கட்டினாள். அவன் வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பெய்ஷென் நரினிலிருந்து வந்து, ஊன்றுகோலை மூலையில் வீசிவிட்டுப் படுக்கையில் உட்கார்ந்தான்.

"இடுப்பு இனிமே இப்படித்தானாம். பழகிக்கோன்னுட்டாரு" என்றான்.

"போகட்டும், விடுங்க."

"விடறதுக்கென்ன. தரைலதானே நொண்டறேன்? குதிரைமேல ஏறிட்டா இப்பவும் நான் பெய்ஷென்தான். அங்க எவன் வந்து என்னை நொண்டின்னு சொல்லுவான்?"

ஜிபார் அடுப்பில் வறட்டியைத் திணித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டாள். அந்த ஒரு பெருமையைத்தான் அவன் கையில் வைத்திருந்தான். அதையும் பிடுங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

ஓமின் சொன்ன மறுநாள் ஒரு குறுக்கு வழி செய்து பார்த்தாள். இடது அங்கவடியின் வாரை மேல் ஓட்டைக்கு ஏற்றி மாட்டினாள். ஒரு ஓட்டை ஏறினால் அவன் கால் எட்டிப் பிடிக்க இறங்கவேண்டியதில்லை. உடம்பு தானாக நிமிரும், குதிரை தானாக வளையும், யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டாம். பெய்ஷென் ஏறி உட்கார்ந்தான், உட்கார்ந்த அதே மூச்சில் இறங்கினான்.

"என் சேணத்தை யாரு தொட்டா?"

"நான்தான். வாரைத் தொடைச்சேன். மாட்டறப்போ ஓட்டை மாறிடுச்சுபோல."

"ரெண்டு காலும் ஒரே அளவுலதான் இருக்கணும். குதிரையேறத் தெரிஞ்சவன் எவனாவது ஒரு காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காருவானா? ஊரு சிரிக்காது?"

பழைய ஓட்டையிலேயே மாட்டிக்கொண்டு போனான். வலப்பக்கம் திரும்பினான், ஓட்டம் உடைந்தது. சாட்டை விழும் சத்தம் முற்றம்வரை கேட்டது. மாவு பிசைந்துகொண்டிருந்த ஜிபார் அப்படியே நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒரு வாரம் அவன் ஜேரென் பக்கமே போகவில்லை. வெட்டப் போகிற குதிரையை ஓட்டக் கூடாது, கொழுப்பு கரையும் என்று காரணம் சொன்னான். ஆனால் தினமும் அதற்குப் புல் போட்டது அவன்தான். போட்டுவிட்டு அதன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நிற்பான். ஜிபார் வந்தால் கையை எடுத்துவிடுவான். அவனுக்கு மட்டும் வலிக்காதா என்ன.

வெள்ளிக்கிழமை கால்வாய் உறைந்தது. ஓமுர்பெக் வந்து நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் பெய்ஷெனின் சித்தப்பா மகன், ஊரில் வெட்டுக் கத்தி பிடிப்பவன். அவனுக்கு வாய் ஓயாது, கை தப்பாது.

சனிக்கிழமை விடியும்போதே ஜிபார் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கண்ணால் பார்த்தால் பெய்ஷென் ஆயிரம் சாக்குச் சொல்லுவான். வாயால் சொன்னால் சண்டைக்கு வருவான். அவன் ஏமாற்ற முடியாத ஒன்று உண்டென்றால் அது அவன் காதுதான். நாலு மாசம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, தெருவில் போகிற குதிரைகளைக் காதாலேயே அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். "அது தபால்காரனோட சாம்பல் குதிரை, மூணு தட்டை நாலாக்குது பாரு, சோம்பேறி." "இது பள்ளிக்கூடத்துக்காரரோடது, ரெண்டு எட்டு ஓடும், உடனே குலுக்கோட்டத்துல விழும், மூச்சு இல்ல." எட்டிப் பார்த்து ஒவ்வொன்றும் சரிதான் என்று சொன்னது ஜிபார்தானே. வெட்டு நடக்கும்போது வளர்த்தவன் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவது வழக்கம். அவன் முதுகைத் திருப்பியிருக்கும் நேரத்தில் காதிடம் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். பெய்ஷெனின் சேணத்தை இருட்டு பிரியும் முன்பே தூக்கிக்கொண்டு போய், முற்றத்துக்கு அப்பால், ஜேரெனைக் கட்டியிருந்த புல்போர் மறைவில் வைத்துவிட்டு வந்தாள்.

அவள் கணக்கில் ஓமுர்பெக் பத்து மணிக்குத்தான் வருவான். அவனோ எட்டுக்கே வந்து நின்றான்.

"அண்ணி, தண்ணி கொதிக்குதா? கத்தி என்னைவிட அவசரப்படுது."

"உனக்குப் பசின்னு சொல்லு, கத்தி மேல ஏன் போடறே" என்றாள் ஜிபார். அவனுக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றினாள். அவள் இதைக் கணவனும் மனைவியுமாக இருக்கும்போது செய்ய நினைத்திருந்தாள். ஓமுர்பெக் முன்னால் நடந்தால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். செய்யாவிட்டால் மத்தியானத்துக்குள் ஜேரென் பானையில் இருக்கும்.

பெய்ஷென் கதவுக்கு எதிரே மரக்கட்டையில், புல்போருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். உப்புத் தேநீர் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

"கொண்டு வந்துடுங்க. முடிஞ்சதும் சொல்லுங்க. நான் திரும்ப மாட்டேன்" என்றான்.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்று ஜிபார் எழுந்தாள்.

"நான் போறேன் அண்ணி."

"நீ உக்காரு ஓமுர். ரெண்டு வருஷமா தண்ணி காட்டினவ நான்."

சேணத்தைப் போட்டு இறுக்கியபோது ஜேரென் வயிற்றை உப்பிக்கொண்டு குறும்பு செய்தது. அதற்கு ஒன்றும் தெரியாது. ஜிபார் பிடரியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். புல்போரைச் சுற்றி ஒரு வட்டம் போகிற அளவுக்கு இடம் இருந்தது. தரை கல்லாக இறுகி, ஒவ்வொரு குளம்பும் தம்பட்டம் அடித்த மாதிரிக் கேட்டது. நடையிலிருந்து குலுக்கோட்டம், குலுக்கோட்டத்திலிருந்து மெல்ல எழுப்பினாள், வலப்பக்கமாக.

தட், தட், தட். தட், தட், தட்.

பெய்ஷெனின் தலை நிமிர்ந்தது. திரும்பவில்லை.

"யாரு அது?" என்றான். ஓமுர்பெக் பதில் சொல்லுமுன் அவனே பேசினான். "யாரோ வலப்பக்கம் சுத்தறாங்க. கேட்டியா ஓமுர், இடது பின்னங்காலை எப்படி ஊனித் தள்ளுது பாரு. ஒரு தட்டு பிசகல." தேநீரைக் கீழே வைத்தான். "கீழ்த்தெருக்காரன் புதுசா ஒண்ணு வாங்கினான்னாங்களே, அதுவா? குடுப்பானான்னு கேளு. இன்னிக்கு அப்புறம் எனக்கு ஒரு குதிரை வேணுமே."

ஓமுர்பெக் புல்போரைப் பார்த்தான். வாய் திறந்தபடியே இருந்தது, அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவன் வாழ்நாளில் அப்படி நின்றது அன்றைக்குத்தான்.

"என்னடா, ஊமையாயிட்டியா? யாரோட குதிரைன்னு கேட்டேன்."

"அண்ணே" என்றான் ஓமுர்பெக். "நீங்களே திரும்பிப் பாருங்க."

பெய்ஷென் திரும்பினான். கால் எட்டாத அங்கவடிகள் இரண்டு பக்கமும் ஆட, தலைத்துணி நழுவிய அவன் மனைவி, அவன் சேணத்தில், அவன் குதிரைமேல், வலப்பக்கமாக வட்டம் போய்க்கொண்டிருந்தாள். அவன் பார்க்கிறான் என்று தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்கத் தைரியம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு சுற்று முழுசாகப் போய்விட்டுத்தான் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இறங்கு" என்றான் பெய்ஷென்.

இறங்கினாள். திட்டுவான் என்று நின்றாள். அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. ஊன்றுகோலைப் போட்டுவிட்டு ஏறினான். அதே புல்போர், அதே வலப்பக்கம். அரை வட்டம்கூடத் தாண்டவில்லை. தட், தடதட், தட். உறைந்த தரை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிற்று. ஓமுர்பெக் கத்தியைத் துணியில் துடைக்கிற பாவனையில் குனிந்துகொண்டான்.

சாட்டை பெய்ஷெனின் மணிக்கட்டில்தான் தொங்கிற்று. தூக்கவில்லை. குதிரையை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஜேரென் காதைப் பின்னால் மடக்கி அடிக்காகக் காத்திருந்தது. அடி வராததால் காது ஒவ்வொன்றாக முன்னால் வந்தது.

"ஜிபார்."

"ம்."

"அன்னிக்கு வாரை எந்த ஓட்டைல மாட்டினே?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஒண்ணு மேல."

"மாட்டு."

அவன் இடது காலைத் தூக்கிக்கொண்டான். தம்பி முறை ஆனவன் பார்த்துக்கொண்டிருக்க, மாவட்டத்துக்கு ஆடிய பெய்ஷென் லாடம் அடிக்க நிற்கிற குதிரை மாதிரி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜிபார் வாரை அவிழ்த்து ஏற்றி மாட்டினாள். விரல் விறைத்துப்போய்க் கொக்கி மாட்டக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் அவசரப்படுத்தவில்லை.

முதல் சுற்று சரியாக வரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்ததே அவனுக்குச் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும். பழைய பக்கமே சரிந்தான், ஜேரென் உடைந்தது. இரண்டாவது சுற்றில் பாதி உடைந்தது. மூன்றாவது சுற்றில் ஓர் இடத்தில், புல்போருக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தட், தட், தட் என்று கேட்டது. அப்புறம் அது நிற்கவில்லை. இந்தப் பக்கம் வந்தபோதும் மூன்றுதான். ஜிபார் முந்தானை இல்லாத ஊரில் பிறந்ததால் சட்டைக் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பெய்ஷென் வந்து நின்றதும் ஓமுர்பெக்குக்கு வாய் திரும்பிவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா தண்ணி கொதிச்சுக்கிட்டிருக்கு. நாலு வீட்ல பானை கழுவி வெச்சிருக்காங்க. ஓமின் சொன்னது சொன்னதுதான். நான் போய் என்னன்னு சொல்ல?"

பெய்ஷென் ஜேரெனின் வலது புட்டத்துத் தழும்பைக் கையால் தடவினான்.

"இடுப்பு போனது குதிரைக்கு இல்ல, பெய்ஷெனுக்குன்னு சொல்லு. மத்த மூணு வீட்லயும் இதே வார்த்தையாச் சொல்லு."

"அப்ப உங்களையா வெட்டறது? நாலு பங்கு தேறாதே அண்ணே, எலும்புதானே இருக்கு."

"நம்ம ரெண்டு வயசுக் காளை நிக்குது, அதைப் புடி. நாலு பங்கும் சரியா வரும். வார்த்தை தப்பினதுக்கு என் பங்கையும் அந்த மூணு வீட்டுக்கே பிரிச்சுக் குடுத்துடு."

வெட்ட வந்தவன் காளையைப் பிடிக்கப் போனான். அந்தக் குளிர்காலம் தங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிதான் என்று ஜிபார் மனசுக்குள் எழுதிக்கொண்டாள். அதில் ஒரு வருத்தமும் இல்லை.

பெய்ஷென் இறங்கினான். ஊன்றுகோல் எட்டாத தூரத்தில் கிடந்தது. அதை எடுக்கப் போகாமல் குதிரையின் கழுத்தில் சாய்ந்துகொண்டான்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றான், அவளைப் பார்க்காமல்.

"மூணு வாரமா. ஆடு ஆத்தைத் தாண்டின அன்னிக்கு."

"மூணு வாரமா வாயை மூடிக்கிட்டா இருந்தே?"

"குதிரைமேல நொண்டமாட்டேன்னு சொன்னீங்களே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

அவன் மணிக்கட்டிலிருந்து சாட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். ஜேரெனின் பிடரிக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியதா, குதிரை மூச்சு விட்டதில் ஆடியதா என்று ஜிபார் பார்க்கப் போகவில்லை. பிடரிக்குள்ளிருந்தே குரல் வந்தது.

"நொண்டறேன்தான், ஜிபார். நாளைலேர்ந்து நீ பின்னாடி நின்னு பாத்து, எந்தப் பக்கம் சாயறேன்னு சத்தமா சொல்லு."